எங்கள் மகள் கிருத்திகாவைத் திரும்ப எடுத்துச் சென்ற இல்லத்தின் மீது

அனுப்புநர்:
மா. அன்புச்செல்வி (வயது 41),
க/பெ மாதேஸ்வரன்,
பழைய அஞ்சலகத் தெரு,
சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை,
சென்னை.

பொருள்: சேலத்தில் இயங்கும் ‘நிழல்விரி குழந்தைகள் இல்லம்’ என்னும் தத்தெடுப்பு நிறுவனம், குழந்தைக்குக் காது கேளாததை மறைத்து எங்களிடம் ஒப்படைத்தது, அதைக் கேட்டதற்காகக் குழந்தையைத் திரும்ப எடுத்துச் சென்றது, அதன் மீது முறையான ஆய்வு நடைபெறாதது ஆகியவை குறித்து விசாரித்துக் குழந்தையை எங்களிடம் ஒப்படைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இதற்கு முன் மூன்று மனுக்கள் எழுதியிருக்கிறேன். அவற்றை மிகுந்த பணிவோடு எழுதினேன். பணிவுக்குப் பலன் இல்லை என்பதால் இந்த மனுவில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். சொற்களில் கடுமை தென்பட்டால் பொறுத்தருள வேண்டும்.

1. என் கணவர் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் ஃபோர்மேனாக இருக்கிறார். நான் ஒரு கோழிப்பண்ணை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்களுக்குத் திருமணமாகிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. பார்க்காத மருத்துவம் இல்லை. பிறகு, இனிமேல் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை, தத்து எடுத்துக்கொள்வோம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்து, அரசின் இணையதளத்தில் பதிவு செய்து, முறைப்படி வரிசையில் காத்திருந்தோம். குறுக்கு வழி காட்ட ஆட்கள் வந்தார்கள். நாங்கள் போகவில்லை.

2. எங்கள் தகுதியைப் பார்க்க மேற்படி இல்லத்தின் சமூகப் பணியாளர் திரு. அறிவழகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தார். கழிவறையைப் பார்த்தார். அக்கம்பக்கத்தாரிடம் என் கணவர் குடிப்பாரா, கை நீட்டுவாரா என்று கேட்டார். பட்டறை முதலாளியிடம் போய் விசாரித்தார். குழந்தை இல்லாததற்குக் குறை யாரிடம் என்று என் கணவரை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். ஒரு குழந்தையைக் கொடுக்கும் முன் இப்படிப் பார்ப்பதுதான் நியாயம் என்று அன்று மனதாரவே நினைத்தோம். அதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இல்லத்தை ஒருவராவது பார்த்தார்களா என்பதே இம்மனுவில் என் கேள்வி.

3. 2024 ஜூன் மாதம், மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றை, தத்தெடுப்புக்கு முந்தைய பராமரிப்பு என்னும் முறையில் எங்களிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவ அறிக்கையில் செவித்திறன் இயல்பு என்று இருந்தது. குழந்தை பேசவில்லையே என்று கேட்டதற்குக் கண்காணிப்பாளர் திருமதி பிரவீனா, “கூச்ச சுபாவம்ங்க. வீட்டுச் சூழ்நிலைக்கு வந்தா கடகடன்னு பேச்சு வந்துரும்” என்றார். நம்பினோம். கிருத்திகா என்று பெயர் வைத்தோம்.

4. அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாட்களைப் பற்றி ஓர் அரசு மனுவில் எழுத இடமில்லை என்பதை அறிவேன். ஆயினும் இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. நான் பேசும்போதெல்லாம் அவள் தன் உள்ளங்கையை என் கழுத்தில் வைத்துக்கொள்வாள். மாவு அரைக்கும்போது கிரைண்டரில் கன்னத்தை வைத்துக்கொண்டு சிரிப்பாள். எனக்கு அது செல்லமாகத்தான் தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. இல்லத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். “பழைய பேருக்குப் பழகின குழந்தைங்க, புதுப் பேருக்குத் திரும்ப நாளாகும்” என்றார் திருமதி பிரவீனா. பழைய பெயரைச் சொல்லியும் கூப்பிட்டுப் பார்த்தேன். அதற்கும் திரும்பவில்லை. அவள் என் மீது இன்னும் நம்பிக்கை வைக்கவில்லை போலும் என்று என்னையே நொந்துகொண்டேன்.

5. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் என் கணவர் அவளைப் பட்டறைக்கு அழைத்துப் போனார். அவள் ஓர் ஓரமாக உட்கார்ந்து போல்ட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாளாம். அவளுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, கிரேனில் தூக்கிய இரும்புத் தகடு நழுவி இன்னொரு தகட்டின் மேல் விழுந்திருக்கிறது. வேலையாட்கள் அத்தனை பேரும் துள்ளிக் குதித்திருக்கிறார்கள். சாலையில் போனவர்கள் உள்ளே ஓடி வந்திருக்கிறார்கள். கிருத்திகா தலையைக்கூட நிமிர்த்தாமல் அடுத்த போல்ட்டை எடுத்து வைத்திருக்கிறாள்.

என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார். வேலை நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்ததே இல்லை. “ஏனுங்க, என்னாச்சுங்க?” என்று கேட்டேன். அவர் அவளைக் கீழே இறக்கிவிட்டு, “அன்பு, நம்ம புள்ள உங்கிட்ட ஒட்டாம இல்ல. அதுக்குக் காது கேக்கல” என்றார்.

6. சேலத்தில் செவித்திறன் பரிசோதனை செய்தோம். இரண்டு காதுகளிலும் பிறவியிலிருந்தே கடுமையான குறைபாடு என்று மருத்துவர் கூறினார். உடனே கருவி பொருத்த வேண்டும், பேச்சுப் பயிற்சி தொடங்க வேண்டும், அறுவை சிகிச்சை பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும், ஐந்து வயதுக்குள் செய்தால்தான் பேச்சு நன்றாக வரும் என்றார். முன்பு ஏதேனும் பரிசோதனை செய்திருந்தால் அந்த விவரங்களைக் கொண்டு வரச் சொன்னார்.

உறவில் சிலர் வேறு யோசனை சொன்னார்கள். என் நாத்தனார் ராசம்மாள் நல்லெண்ணத்தில்தான், “பேசாம திருப்பிக் குடுத்துட்டு வேற புள்ளையக் கேளுங்க சாமி” என்றார். என் கணவர், “அக்கா, நம்ம ஊட்ல பொறந்திருந்தா எங்க கொண்டு போயித் திருப்பிக் குடுக்கறது?” என்று கேட்டார். அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இதைக் குறிப்பாக எழுதக் காரணம் உண்டு. நாங்கள் எழுத்திலோ பேச்சிலோ, யாரிடமும், ஒருபோதும், இந்தக் குழந்தை வேண்டாம் என்று சொன்னதில்லை.

7. கருவி பொருத்திய அன்று பேருந்து நிலையத்தில் நின்றிருந்தோம். பக்கத்தில் ஒரு லாரிக்காரர் ஏர் ஹாரன் அடித்தார். கிருத்திகா அலறிக்கொண்டு என் கணவரின் காலைக் கட்டிக்கொண்டாள். சிறிது நேரத்தில் மெல்லத் தலையை நீட்டி, லாரியைக் காட்டி, இன்னொரு முறை என்று கையசைத்தாள். நாங்கள் விவரம் சொன்னதும் அந்த ஓட்டுநர் சிரித்துக்கொண்டே இன்னும் மூன்று முறை அடித்தார். பேருந்து நிலையமே எங்களைத் திட்டியது. அன்றிலிருந்து வீட்டில் தட்டு, தூக்குப்போசி, கதவு, என் தலை என எல்லாவற்றையும் கரண்டியால் தட்டிப் பார்த்தாள். இரண்டு வாரத்தில் ‘ப்பா’ என்றாள். என்னை என்னவென்று கூப்பிடப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

8. செப்டம்பரில் இருவரும் இல்லத்துக்குப் போனோம். சண்டை போடப் போகவில்லை. மருத்துவர் கேட்ட பழைய விவரங்களை வாங்கவே போனோம். திருமதி பிரவீனா அவர்கள் எங்களை வெகுநேரம் வெளியே உட்கார வைத்துவிட்டுப் பிறகு கூப்பிட்டார். குழந்தைக்குக் காது கேளாதது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று அவர் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்போம். அவர் சொன்னது இது: “தெரிஞ்சிருந்தா நீங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?”

அம்மையீர், அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. அவருக்குத் தெரியும். எழுதப்பட்ட அறிக்கை பொய் என்பதும் தெரியும். அந்தப் பொய்யால் குழந்தை கருவியின்றிக் கழித்தது எத்தனை காலம் என்பதும் தெரியும். அவரது இல்லத்தில் இருந்தபோதே கருவி பொருத்தியிருந்தால் இன்று அவள் என்னோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். குழந்தையின் நலனுக்காக மறைத்தேன் என்பது போல அவர் பேசினார். குழந்தைக்கே தீங்கு செய்துவிட்டு அதற்குக் கருணை என்று பெயர் வைத்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

என் கணவர் குரலை உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை. “அத நீங்க எங்களக் கேட்டிருக்கோணுமுங்க. கேக்காமயே எங்களுக்கும் சேத்து நீங்களே பதில் சொல்லிக்கிட்டீங்க” என்றார். “அப்ப எங்க மேல புகார் பண்ணப் போறீங்களா?” என்று திருமதி பிரவீனா கேட்டார். ஆமாம் என்று நான் சொன்னேன்.

பழைய மருத்துவ விவரங்களைத் தரவில்லை.

9. அக்டோபரில், தீபாவளிக்குச் சற்று முன்பு, இல்லத்தின் வேன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. திரு. அறிவழகனும் இரண்டு பெண் பணியாளர்களும் இறங்கினார்கள். குழந்தையின் குறைபாட்டால் பெற்றோர் அதிருப்தி அடைந்துள்ளனர், எனவே குழந்தையின் பாதுகாப்பு கருதி மறுபரிசீலனைக்காகத் திரும்ப அழைத்துச் செல்லப்படுகிறது என்று எழுதிய தாளை அறிவழகன் நீட்டினார். யாருக்கு அதிருப்தி என்று கேட்டேன். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மேலிடத்துல சொன்னாங்க, வந்தேன்” என்றார். தத்து ஆணைக்கான கோப்பை இல்லம் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பவே இல்லை என்பதையும் அன்றுதான் அறிந்தோம். ஆகவே காகிதப்படி அவள் எங்கள் மகள் இல்லை, தடுத்தால் காவல் துறைக்குப் போவோம் என்றார்கள்.

என் கணவர் பட்டறையிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர்கள் குழந்தையை இழுக்கவில்லை, அவள் அழவும் இல்லை. வேனைப் பார்த்ததும் ஊருக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். தானே ஓடிப்போய்த் தன் செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்து, நான் வந்து உட்காரப் பக்கத்து இருக்கையைக் கையால் தட்டிக் காட்டினாள். கதவைச் சாத்தினார்கள்.

சாத்தும் முன் ஒரு பணியாளர் அவள் காதிலிருந்த இரண்டு கருவிகளையும் கழற்றி என் கையில் கொடுத்தார். “அங்க மத்த பசங்க பிச்சுப் போட்டுருவாங்க. தொலைஞ்சா நாங்க பதில் சொல்ல முடியாதுங்க” என்றார். குழந்தையைக் கொண்டு போக அவர்களுக்கு உரிமை இருந்ததா இல்லையா என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். கேட்க ஆரம்பித்த குழந்தையின் காதை அடைத்துக் கொண்டு போக எந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது?

10. அதன் பின் மனு, நேரில் சந்திப்பு, மறுபடி மனு. இத்தகைய இல்லங்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் உள்ள அலுவலர் ஒருவர் ஆய்வுக்குப் போனார். முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எங்களைக் கூப்பிடவில்லை. பரிசோதித்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையைப் பார்த்தாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. டிசம்பரில் எங்களுக்கு வந்த பதிலில், ஆய்வில் குறைபாடு ஏதும் கண்டறியப்படவில்லை என்று இருந்தது. காது கேளாத குழந்தை இருக்கும் இடத்தில் குறைபாடு ஏதும் கண்டறியப்படவில்லை என்று எழுத ஒரு கை துணிந்திருக்கிறது.

அந்த அலுவலரை நேரில் சந்தித்தேன். நாற்காலியைக் காட்டினார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், மரியாதையாகத்தான் பேசினார். பிறகு, “பெத்தவங்களே இவ்வளவு அலையறதில்லைங்கம்மா. உங்க பேரு வரிசையில இருக்குதில்ல, வேற குழந்தை வரும், பொறுமையா இருங்க” என்றார். உங்கள் மகளைக் கொடுத்துவிட்டு வேறு மகளுக்குக் காத்திருப்பீர்களா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பெண் குழந்தையின் படம் இருந்தது. கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று கேட்காததை இன்று இங்கே கேட்கிறேன்.

11. பலமுறை கேட்ட பிறகு, கடந்த ஜனவரியில் குழந்தையைப் பார்க்க ஒரு முறை அனுமதித்தார்கள். இல்லத்தின் கூடத்தில், திருமதி பிரவீனா முன்னிலையில். கிருத்திகாவைக் கூட்டி வந்தார்கள். மெலிந்திருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. மெல்ல நடந்து வந்தாள். வந்து என்னை அடித்தாள்.

இரண்டு கையாலும் அடித்தாள். வயிற்றில், தொடையில், குனிந்தபோது முகத்தில். பிறகு என் கணவரிடம் போய் அவர் முழங்காலில் அடித்தாள். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று வாங்கிக்கொண்டார். அவர் கண்ணில் நீர் வந்ததை என் திருமண வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். அவள் கேட்கத் தெரியாமல் கேட்ட கேள்வி எங்கள் இருவருக்கும் புரிந்தது: ஏன் வண்டியில் ஏறவில்லை? ஏன் விட்டுவிட்டீர்கள்? இந்த விவகாரத்தில் சம்பந்தப்பட்ட எல்லோரிலும் நியாயமாகக் கோபப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

அடித்து ஓய்ந்ததும் என் பையைப் பிடுங்கித் திறந்தாள். உள்ளே இருந்த பொருட்களை ஒவ்வொன்றாக வெளியே எறிந்தாள். கருவிப் பெட்டி அகப்பட்டதும் திறந்து, கருவியை எடுத்துத் தானே காதில் வைத்து அழுத்தினாள். சரியாகப் பொருத்தத் தெரியவில்லை. நான் உதவக் கை நீட்டியபோது நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். பணியாளர் அவள் விரல்களைப் பிரித்துக் கருவியை வாங்கினார். அப்போதுதான் அவள் சத்தம் போட்டு அழுதாள்.

திருமதி பிரவீனா என்னிடம், “பாத்தீங்களா, குழந்தைக்கே உங்களப் புடிக்கல” என்றார். அப்படியே பதிவும் செய்திருக்கிறார்கள். குழந்தை பெற்றோரிடம் வெறுப்பைக் காட்டியது, எனவே ஒப்படைப்பை ரத்து செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது என்று. பிரித்தவர்கள் அவர்கள். பிரிவால் குழந்தைக்கு வந்த கோபத்தை எங்களுக்கு எதிரான சாட்சியாக்கியவர்களும் அவர்கள்.

12. அம்மையீர், தத்தெடுக்க வருகிறவர்களை இந்த நிறுவனங்கள் எப்படி நடத்துகின்றன என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். குழந்தை கைக்கு வரும்வரை வாய் திறக்கக் கூடாது, கொடுக்க மாட்டார்கள். வந்த பிறகும் திறக்கக் கூடாது, பிடுங்கிக்கொள்வார்கள். கூடத்துக்கு வெளியே அன்று எங்களோடு காத்திருந்த ஒரு தம்பதியர், மேச்சேரிப் பக்கத்துக்காரர்கள், நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “நாங்க உங்களப் பாத்ததாக்கூட வெளிய சொல்லிராதீங்க” என்று கும்பிட்டார்கள். அவர்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. குழந்தையை ஆசைப்பட்டுக் கேட்பவரைக் கும்பிட்டு நடுங்க வைக்கும் இடத்துக்கு இல்லம் என்று பெயர் இருக்கக் கூடாது.

13. ஆகவே நான் கோருவது:

(அ) கிருத்திகாவுக்கு உடனடியாக, இந்த வாரத்திலேயே, கருவிகளைத் திரும்பப் பொருத்த உத்தரவிட வேண்டும். எங்கள் மனு எப்படி முடிந்தாலும் சரி, அவள் யார் வீட்டுக்குப் போனாலும் சரி, இது முதலில் நடக்க வேண்டும். கருவிகளை எங்கு கொண்டு வரச் சொன்னாலும் கொண்டு வருகிறோம்.

(ஆ) இந்த மாவட்டங்களோடு தொடர்பில்லாத அலுவலர் ஒருவரை, தேதி சொல்லாமல், அந்த இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். அங்குள்ள அத்தனை குழந்தைகளுக்கும் காது, கண் பரிசோதனை அவர் முன்னிலையில் நடக்க வேண்டும். இன்னொரு கிருத்திகா அங்கே இல்லை என்று எனக்கு யாரும் உறுதி சொல்லவில்லை.

(இ) பொய்யான மருத்துவ அறிக்கைக்குக் காரணமானவர்கள் மீதும், அதை மூடி மறைத்து ஆய்வு செய்தவர் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

(ஈ) ஒப்படைப்பை ரத்து செய்யும் பரிந்துரையை நிறுத்தி வைத்து, எங்களை நேரில் விசாரித்து, எங்கள் மகளை எங்களிடம் தர வேண்டும்.

நாங்கள் தகுதியற்றவர்கள் என்று தாங்கள் விசாரித்து முடிவு செய்தால், அதைக் காரணத்தோடு எழுதித் தாருங்கள். பொய்க் காரணத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள மாட்டோம்.

அவளுக்கு வரும் அக்டோபரில் ஐந்து வயது. மருத்துவர் சொன்ன கெடு அதற்கு மேல் நீளாது. மேல்முறையீடு, மறுஆய்வு, உரிய பரிசீலனை என்னும் சொற்களுக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் பிடிக்கும். அவற்றில் எதுவும் அவளுக்குக் கேட்காது. எழுதியதை அவளுக்குப் படிக்கத் தெரியாது. சொல்லி விளங்க வைக்க அவளிடம் இன்னும் சொற்களே இல்லை. நாங்கள் அவளை விட்டுவிடவில்லை என்பதை நாங்கள் நேரில் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் அவள் அறிவாள். அதற்குத் தங்கள் உத்தரவு ஒன்றுதான் குறை. கிடைத்த அன்றே கிளம்பத் தயாராக இருக்கிறோம்.

இணைப்பு: செவித்திறன் பரிசோதனை அறிக்கை, முந்தைய மனுக்களின் நகல்கள், ஆய்வு குறித்து எங்களுக்கு வந்த பதில்.

இடம்: சேந்தமங்கலம்
நாள்: 17.02.2025

கிருத்திகாவின் பெற்றோர்,

(ஒப்பம்) மா. அன்புச்செல்வி
(ஒப்பம்) மாதேஸ்வரன்